மாப்பிள்ளையோட பொட்டி சூடாகுதுங்க

ஏனுங்க, இது சரவணம்பட்டி போற பஸ்ஸு தானுங்களே? சரிங்க. சித்த நகந்தீங்கன்னா நானும் உக்காந்துக்குவேன். அந்தப் பையில இருக்கறது கம்ப்யூட்டருங்களா? மடியில வைக்காதீங்க, அக்கட்ட சன்னலோரமா வைங்க. கம்ப்யூட்டரு சூடானா என்ன ஆகும்னு என்னையக் காட்டியும் தெரிஞ்ச ஆளு இந்தக் கோயமுத்தூர்ல இல்லீங்க. படிச்சுத் தெரிஞ்சதில்ல, பட்டுத் தெரிஞ்சது.

என்ற பேரு தெய்வசிகாமணி. சூலூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வச்சிருக்கறேன். கெணத்து மோட்டாரு, போர் மோட்டாரு, மாவு மில்லு மோட்டாரு, எது எரிஞ்சாலும் நம்மகிட்டத்தான் வரும். தொட்டுப் பாத்தே எதுனால சூடாச்சுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லலீங்க, சூலூர்ல யாரை வேணாக் கேட்டுப் பாருங்க. அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு கம்ப்யூட்டரு பொட்டி தண்ணி காட்டிருச்சு. அந்தப் பொட்டியாலதான் என்ற மகளும் மாப்பிள்ளையும் எங்கூட்டு மாடியக் காலி பண்ணிட்டு, சரவணம்பட்டில ஒரு அபார்ட்மென்டுக்குக் குடி போயிட்டாங்க. அவியளப் பாக்கத்தான் இப்பப் போயிட்டு இருக்கறேன்.

சொல்றேன், கேளுங்க. கணபதி ஸ்டாப்பு தாண்டறதுக்கே நேரமாகும்.

மக பேரு மோகனப்பிரியா. ஒரே புள்ள. மாப்பிள்ளை தரணிதரன், சொந்த ஊரு கோபிப் பக்கம். தங்கமான மனுசன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. கம்பெனி சரவணம்பட்டில இருந்தாலும் வேலையெல்லாம் வூட்ல இருந்துதான். வாரத்துல ஒரு நாளு போயித் தலையக் காட்டிட்டு வந்தாப் போதும். "மாடி சும்மாத்தானுங்க கெடக்குது, இங்கயே இருங்க மாப்பிள்ளை"ன்னு நான்தான் கூட்டியாந்து வச்சேன்.

எனக்குப் பையன் கெடையாதுங்க. இவரு வந்ததுக்கப்பறம் சாயங்காலம் கடையச் சாத்துனா நேரா மாடிக்குத்தான். அவரு வேலைய முடிச்சுட்டு கேம் ஆடுவாரு. சின்னப் புள்ளையாட்டமான்னு நெனச்சுராதீங்க. அஞ்சு பேரு சேந்த டீமு. ஒருத்தரு கொச்சில, ஒருத்தரு திருச்சில, எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டு ஒண்ணாப் பேசிட்டே ஆடுவாங்க. நான் பக்கத்துல சேரு ஒண்ணைப் போட்டு உக்காந்துக்குவேன். யாரு யாரைச் சுடறாங்கன்னு எனக்கு ஒரு எழவும் வெளங்காது. ஆனா, "மாமா, இப்பப் பாருங்க"ன்னு சொல்லிட்டுத்தான் சுடுவாரு. எந்த மாப்பிள்ளைங்க இந்தக் காலத்துல மாமனாரைக் கூட உக்கார வச்சுக்கறாரு?

பொட்டின்னா சும்மா பொட்டி இல்லீங்க. ஒரு பக்கம் பூராக் கண்ணாடி. உள்ளுக்குள்ள செகப்பும் நீலமுமா லைட்டு, மாரியம்மன் நோம்பிக்கு சீரியல் செட்டு போட்ட மாதர. அதுக்குள்ள செங்கல்லு தண்டிக்கு ஒரு சாமான் இருக்கும், அதுல மூணு ஃபேனு. அதுக்குப் பேரு கிராபிக்ஸ் கார்டு. ஆடற படத்தையெல்லாம் வரைஞ்சு காட்டறது அதுதானாமா. பொட்டிக்கு உசுரே அதுதான்.

அத்தனை ஒசந்த சாமானைத் தரையில வச்சிருந்தாருங்க, மேசைக்கடியில. எனக்கு மனசு கேக்கல. தலை தீவாளி வந்துச்சு. மாப்பிள்ளைக்கு மோதரம், வாட்சு எல்லாம் ஊரே போடறதுதான். நான் என்ன பண்ணுனேன், நெலம்பூரு தேக்குல, அந்தப் பொட்டிக்குன்னே அளவெடுத்து ஒரு அலமாரி செய்யச் சொல்லிட்டேன். முன்னால ரெண்டு கண்ணாடிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, பூட்டு சாவி. மரவேலைக்கு நம்ம அப்புக்குட்டி ஆசாரி. "அண்ணா, கதவைச் சாத்துனா எறும்பு பூராது, காத்துக்கூடப் பூராது"ன்னு சொன்னாரு. சொன்ன மாதரயே செஞ்சும் குடுத்தாரு. வந்த ஒறம்பரையெல்லாம் மூக்கு மேல வெரலை வச்சாங்க. சீர்த் தட்டோட அந்த அலமாரியையும் மாடியில ஏத்தி எறக்குனப்ப மாப்பிள்ளை மொகத்தை நீங்க பாத்திருக்கணும். அலமாரியவே சுத்திச் சுத்திப் பாத்தாரு. அவ்வளவு சந்தோசம்.

என்னங்க ஒரு மாதரயாப் பாக்கறீங்க? இருங்க, இனிமேத்தான் கதையே.

பொட்டிய உள்ள வச்சு, பொட்டு வச்சு, சூடம் காட்டிக் கதவைச் சாத்துனோம். ஒரு வாரங்கோட ஆகலீங்க, கண்ணு பட்டிருச்சு. ஆடிட்டே இருந்தவரு, "மாமா, கார்டு சூடாகுதுங்க"ன்னாரு. ஸ்க்ரீன் ஓரத்துல ஒரு நம்பரு ஓடிட்டே இருக்கும், அதுதான் சூட்டுக் கணக்கு. தொண்ணூறு டிகிரி. டீயே போடலாமுங்க. மூணு ஃபேனும் மில்லு சங்காட்டம் ஊளையிடுது. படம் விக்கி விக்கி வந்துட்டு, பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு.

"வெசனப்படாதீங்க மாப்பிள்ளை, இது என்ற டிபார்ட்மெண்டு"ன்னேன்.

அவரு தயங்கித் தயங்கிச் சொன்னாரு. "இல்லீங்க மாமா, காத்து போக வர எடமிருந்தாச் சரியாப் போயிருமுங்க. இந்தக் கதவை மட்டும் சித்த தொறந்து வச்சா..."

"தொறந்து வைக்கலாம். பல்லி பூந்துச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டருக்குள்ள பல்லி பூந்து, அதும் செத்து மோட்டாரையும் சாகடிக்கறது நான் வாராவாரம் பாக்கற சங்கதி. கதகதன்னு இருக்கற எடந்தேடித்தான் அது வரும். இவருக்கு மறதி எச்சு. நான் எப்ப மேல போனாலும் அலமாரிக் கதவு தொறந்தே கெடக்கும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பொட்டாட்டச் சாத்திட்டு உக்காந்துக்குவேன். மாப்பிள்ளையப் போயி எப்படிங்க கண்டிக்கறது?

மோட்டாரு சூடானா மொதல்ல வோல்டேஜைத்தான் பாக்கணும். மாடிக்கு வர்ற கரண்டுல ஏத்த எறக்கம் இருந்துச்சு. என்ற கையாலயே காயில் சுத்தி, கனமா ஒரு ஸ்டெபிலைசர் கட்டியாந்தேன். அலமாரில கீழ்த்தட்டு காலியாத்தான இருந்துச்சு, அதுல அம்சமாப் பொருந்திருச்சு. அதும் கொஞ்சம் சூடாகும், நல்ல ஸ்டெபிலைசருன்னா அப்படித்தான் இருக்கும். அன்னிக்குச் சாயங்காலம் நம்பரு தொண்ணூத்தி மூணு. "பாத்தீங்களா மாப்பிள்ளை, சீக்கு உள்ளுக்குள்ள முத்திட்டு வருது, நல்ல வேளை இப்பவே கண்டுபுடிச்சோம்"னேன். அவரு "ஆமாங்க மாமா"ன்னாரு.

அடுத்து டேபிள் ஃபேனைக் கொண்டாந்து கதவுக்கு நேரா வச்சேன். கண்ணாடி ஜில்லுன்னு ஆயிருச்சுங்க, தொட்டா ஐஸாட்டம். உள்ள இருக்கற கார்டு மட்டும் அடங்கவே இல்ல.

சரி, இனி கழட்டிப் பாத்துற வேண்டியதுதான்னு ஒரு ஞாயித்துக்கெழமை பொட்டிய வெளிய எடுத்து, எங்கூட்டுச் சாப்பாட்டு மேசை மேல வச்சுக் கார்டைக் கழட்டுனோம். மாப்பிள்ளை பக்கத்துலயே நின்னாரு, பொண்டாட்டியப் பிரசவத்துக்கு உள்ள அனுப்பிட்டு நிக்கறவனாட்டம். கார்டோட நெஞ்சுல ஒரு சில்லு இருக்குது, அது மேல வெள்ளையா ஒரு பசை. காஞ்சு போயிருந்துச்சு. அதைத் தொடச்சுட்டுப் புதுசு வைக்கணுமாமா. அவரு ஒரு ட்யூபு வாங்கி வச்சிருந்தாரு, என்ற சுண்டு வெரலு தண்டிதான் இருக்கும். "இது எங்கீங்க மாப்பிள்ளை பத்தும், கடையில பேரிங் கிரீஸு ஒரு டப்பா இருக்குது, எடுத்தாரேன்"னு டப்பாவோட வந்து நிக்கறேன், என்ற மக ஓடியாந்தா.

"அப்பா, காபி ஆறுதுங்கப்பா. மொதல்ல வந்து குடிங்க."

"கையெல்லாம் அழுக்கு கண்ணு, முடிச்சுட்டு வரேன்."

"அப்பா, இப்பவே வாங்க."

அப்பன் மேல புள்ளைக்குப் பாசம். போயிக் குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மாப்பிள்ளை அந்தத் துளியூண்டு பசைய வச்சுக் கார்டை மூடியே போட்டாரு. அவசரக்காரரு. பரவால்லைன்னு வுட்டுட்டேன். மேசை மேலயே வச்சு ரெண்டு நாளு ஓட்டிப் பாத்தோம். அறுபத்தஞ்சைத் தாண்டலீங்க. சத்தமே இல்ல. மூணாம் நாளு நானே சந்தோசமாத் தூக்கி, துண்டால தொடச்சு, பழையபடி அலமாரில வச்சுக் கதவைச் சாத்துனேன். அன்னிக்குச் சாயங்காலமே தொண்ணூறு. அப்பவே தெரிஞ்சு போச்சு, பசை பத்தலை. நான் சொன்னதை ஆரு கேட்டாங்க?

என்னங்க? அலமாரியா? நீங்களும் என்ற மகளாட்டமே ஆரம்பிக்கறீங்களே. தேக்குங்க அது. வெயில்ல கெடந்தாலும் தொட்டா ஜில்லுன்னு இருக்கும். இரும்பு பீரோன்னா நீங்க சொல்றதுல ஒரு நாயம் இருக்குது. மாப்பிள்ளைகோட ஒருக்கா, "பின்னாடிப் பலகையில சின்னதா ஒரு ஓட்டை போட்டுக்கலாமுங்களா மாமா"ன்னு கேட்டாரு. நெலம்பூரு தேக்குலீங்க. ஓட்டை. என்ற மொகம் கொஞ்சம் மாறியிருக்கும் போல. "சும்மாத்தான் கேட்டனுங்க மாமா"ன்னுட்டாரு. சீரு குடுத்ததுல கை வைக்கப்படாதுங்கற வெவரம் அவருக்குத் தெரியாமையா இருக்கும்? நல்ல குடும்பத்துல பொறந்தவரு.

இப்பச் சொல்றதுதான் முக்கியம். அவிய டீமுக்கு ஒரு பெரிய போட்டி வந்துச்சு. அதுல ஜெயிச்சா சென்னையில மேடை போட்டு, அத்தனை பேரு முன்னால ஆடற போட்டிக்குப் போகலாமாமா. பத்து நாளா மனுசனுக்குச் சோறு எறங்கல. அன்னிக்குக் காலையிலயே என்ற கையப் புடிச்சுட்டுச் சொன்னாரு. "மாமா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அலமாரிக் கதவு தொறந்தே இருக்கட்டுமுங்க." இவ்வளவு கெஞ்சறாரேன்னு நானும் சரின்னுட்டேன்.

ஆட்டம் ஆரம்பிச்சுச்சு. நம்ம ஆளுக நல்லா ஆடறாங்க. மாப்பிள்ளை சேருல நுனியில உக்காந்திருக்காரு. நான் அவரு பின்னால. செவுத்துல பாக்கறேன், ஒரு பல்லி. சத்தியமாங்க. ட்யூப் லைட்டுகிட்ட இருந்து மெதுவா எறங்குது. எறங்கி, அலமாரிப் பக்கமாத் தலையத் திருப்புது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணுவேன்? ஆட்டத்துல இருக்கறவரைக் கூப்புடவும் முடியாது. சத்தமில்லாம எந்திரிச்சுப் போயி ரெண்டு கதவையும் சாத்திட்டேன். பூட்டியும் போட்டேன். அவரு கவனிக்கவே இல்ல. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

கடைசிக் கட்டம். எதுத்த டீமுல ஒருத்தன்தான் பாக்கி. மாப்பிள்ளை "மாமா, இப்பப் பாருங்க"ன்னாரு. படம் விக்குச்சு. ஃபேனெல்லாம் ஊளையிட்டுச்சு. பொசுக்குன்னு போயிருச்சுங்க.

அவரு காதுல மாட்டியிருந்தது வழியா மத்தவிய கத்தறது எனக்கே கேட்டுச்சு. மெதுவா அதைக் கழட்டி வச்சாரு. திரும்பி அலமாரியப் பாத்தாரு. கதவுல தொங்கற சாவியப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. என்ன சொன்னாருன்னு நெனக்கறீங்க? "வாங்க மாமா, சாப்பிடலாம்"னாரு. அந்தப் பொறுமை யாருக்குங்க வரும்?

மகதான் படபடன்னு வந்தா. "அப்பா, கதவை ஆரு சாத்துனது?"

"நான்தான் கண்ணு. நல்ல வேளை நான் பாத்தேன். ஒரு பல்லி..."

அவ வாயத் தொறந்தா. "வுடு மோகனா"ன்னாரு மாப்பிள்ளை. அவ அழுதுட்டே கீழ எறங்கிப் போயிட்டா. புருசன் தோத்ததுல அவளுக்கு அவ்வளவு வருத்தம்.

அப்பறம் ஒரு மாசத்துலயே, ஆபீசுக்குப் பக்கமா வூடு பாத்துட்டோம்னாங்க. வாரத்துல ஒரு நாளு போற ஆபீசுக்கு எதுக்குங்க பக்கம்னு நான் என்ற சம்சாரம் வசந்தாமணிகிட்டக் கேட்டேன். "அவிய போறதுக்கு ஆபீசுங்களா காரணம்"னா. பின்ன என்னன்னேன். "ஒண்ணுமில்லீங்க, ரசம் ஊத்திக்குங்க"ன்னுட்டா. எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. எங்கூட்டு மாடியில இருந்தா கார்டு சூடாகுது, அதுதான் காரணம். அதை என்னால சரி பண்ண முடியல. இத்தனை வருசத் தொழில்ல நான் தோத்தது அது ஒண்ணுலதான்.

அலமாரியும் அவியகூடப் போயிருக்கணும். லாரி வர்றதுக்கு மொத நாளே மாப்பிள்ளை டேப்பு வச்சு மேலயும் கீழயும் அளந்து பாத்துட்டு, "லிப்டுல போகாதுங்க மாமா"ன்னாரு. படியில ஆளு வச்சுத் தூக்கிருவோம்னேன். "எட்டாவது மாடிங்க மாமா"ன்னாரு. எனக்கே அவ்வளவு சங்கடமாப் போச்சு, ஆசையா வச்சிருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

அவிய போனதுக்கப்பறம் எனக்கு நெம்பக் கஷ்டமாப் போச்சுங்க. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது. கடையச் சாத்திட்டு வருவேன், காலு பாட்டுக்கு மாடிப்படி ஏறும், பாதியில நின்னு எறங்கிருவேன். மேல அலமாரி மட்டுந்தான. போயிப் பாத்துட்டு வரலாமில்லன்னு நீங்க கேப்பீங்க. பொண்ணைக் குடுத்தவன் காரணமில்லாம மாப்பிள்ளை வூட்டு வாசப்படிய மிதிக்கப்படாதுங்க, அது எங்க பக்கத்துப் பழக்கம். நோம்பி நொடிக்குக் கூப்புட்டாப் போகலாம். சும்மா போயி உக்காந்தா நமக்கும் மரியாதை இல்ல, புள்ளைக்கும் மரியாதை இல்ல.

போன்ல கேட்டுக்குவேன். "கார்டு எப்படீங்க மாப்பிள்ளை இருக்குது?" "நல்லா இருக்குதுங்க மாமா, அறுபதைத் தாண்டறதில்ல." அங்க போயும் தரையிலதான் வச்சிருக்காரு, பாவம். எட்டாவது மாடிக் காத்து, அதான் அடங்கிக் கெடக்குதுன்னு நெனச்சுக்குவேன். சந்தோசந்தான். ஆனா போனை வச்சதும் ஒண்ணு தோணும். அது நல்லா இருந்துட்டா எனக்கு அங்க என்னங்க சோலி?

அப்படியே ரெண்டு மாசம் ஓடிருச்சு. ஒரு நாளு மாப்பிள்ளையே கூப்புட்டாரு. "மாமா, கார்டு மறுபடியும் சூடாகுதுங்க. ஞாயித்துக்கெழமை வந்து ஒரு பார்வை பாக்கறீங்களா?"

நான் எங்கீங்க ஞாயித்துக்கெழமை வரைக்கும் தூங்குனேன். டெஸ்டரு, ஸ்பேனரு, கிரீஸு டப்பா எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு மொதப் பஸ்ஸுக்கே போயிட்டேன். மக தக்காளிக் கொழம்பும் பணியாரமும் பண்ணி வச்சிருந்தா. சேரு ஒண்ணு அவரு பக்கத்துல போட்டே இருந்துச்சு. அவரு ஆட, நான் பாத்துட்டு இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் நம்பரு அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது. தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருக்குது.

"என்னங்க மாப்பிள்ளை, ஒரு கோளாறும் காணமே."

"அதானுங்க எனக்கும் புரியல மாமா. நீங்க வந்து உக்காந்தா அடங்கிருது. நீங்க அக்கட்ட போனதும் ஆரம்பிச்சுருது."

மக பொறவால நின்னு சிரிச்சா. என்ன கண்ணு சிரிப்புன்னேன். "ஒண்ணுமில்லீங்கப்பா, இன்னொரு பணியாரம் வைக்கட்டுங்களா"ன்னா. அவளுக்கு இதெல்லாம் தெரியாது. மோட்டார்லயும் இது உண்டுங்க. வூட்டுக்காரன் போட்டா ஓடாது, மெக்கானிக்கு வந்து பக்கத்துல நின்னா நல்ல புள்ளையாட்டம் ஓடும். அப்படிப்பட்ட கோளாறைத்தான் கண்டுபுடிக்கவே முடியாது. திரும்பத் திரும்பப் போயிப் பாத்துட்டே இருக்கணும்.

அதுல இருந்து ஒண்ணு விட்ட ஒரு ஞாயித்துக்கெழமைக்கு, மொத நாளே அவரு போன் வந்துரும். சூடாகுதுங்க மாமான்னு.

இப்படியே எத்தனை நாளைக்குங்க வுடறது? நம்ம மனசு ஆறாதில்ல. போன தடவை போயிருந்தப்பச் சொன்னேன். "மாப்பிள்ளை, வர்ற பொங்கச் சீருக்கு, லிப்டுல போற அளவுக்குச் சின்னதா ஒரு அலமாரி சொல்லியிருக்கறேன். அப்புக்குட்டி பலகையே அறுத்துட்டாரு."

அவரு கையில இருந்த டம்ளரை அப்படியே வச்சுட்டாரு. மக சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்தா. அப்பறம் மாப்பிள்ளை என்ற பக்கம் சேரை இழுத்துப் போட்டுட்டு மெதுவாச் சொன்னாரு.

"மாமா, அந்த அலமாரி வந்துட்டா கோளாறு சுத்தமா நின்னு போயிருமுங்க. அப்பறம் நான் என்ன சொல்லி உங்களைக் கூப்புடறது?"

பொண்ணைக் கட்டிக் குடுத்த எடத்துல, நீ வேணும்னு நம்மளைப் பாத்து ஒருத்தரு சொல்லிட்டா, அதுக்கு மேல நம்ம என்னத்தச் சொல்றது. பஸ்ஸுல திரும்பி வர்றப்பவே அப்புக்குட்டிக்குப் போனைப் போட்டு வேண்டாமுன்னுட்டேன். அறுத்த பலகையில ஆருக்காவது ஸ்டூலு செஞ்சு குடுத்துருன்னேன். நெலம்பூரு தேக்குல ஸ்டூலான்னு அவரு வையறாரு. வஞ்சுட்டுப் போகட்டும்.

இந்தா, ஸ்டாப்பு வந்துருச்சுங்க. சித்த காலை மடக்கிக்குங்க, எறங்கிக்கறேன். நேத்துச் சாயங்காலம்கோட மாப்பிள்ளை கூப்புட்டாரு, நம்பரு தொண்ணூறைத் தாண்டிருச்சாமா. போயிச் சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாக்கணும்.

ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும். எந்த மோட்டாரைத் தொட்டாலும், இது சரியாயிரணும் சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் தொடுவேன், தொழிலு கத்துக்கிட்ட நாள்ல இருந்தே அப்படித்தான். இந்தக் கார்டைத் தொடறப்ப மட்டும், என்ற ஆயுசு வரைக்கும் இது சரியாயிரக் கூடாது சாமின்னு வேண்டிக்கறேனுங்க.